வடக்குச் சரிவு

மார்ச் 3

இன்று ஊர்க்காரர்கள் முன்னால் நின்று ஒரு தக்காளி தின்றேன்.

பெஞ்சமின் சார்தான் ஊரைக் கூட்டிப் பேசச் சொல்லியிருந்தார். அவர் திட்ட அதிகாரி. மாவட்டத் தலைநகரில் இருக்கிறார், எப்போதாவது வருவார். மேட்டில் தினமும் நிற்பவள் நான். சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட சுரங்கத்தின் கொட்டுமேடு அது. வெறும் வெள்ளைத் தூளும் சரளையும். வெயிலில் கண் கூசும், புல்கூட முளைக்காது. நகரத்துச் சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மிஞ்சும் கசடைக் காயவைத்துக் கொண்டுவந்து, அந்த மண்ணில் கலந்து மரம் வளர்க்கிறோம். வெங்கரடு என்ற இந்த ஊர் ஜனங்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் பீ மண். தப்பான பெயர் என்று சொல்ல முடியாது.

நகரத்தில் யாரோ தின்ற தக்காளியின் விதை எதற்கும் சாகாமல் கசடோடு வந்துவிடுகிறது. கொட்டித் தண்ணீர் விட்டால் யாரும் நடாமலே மேடெங்கும் தக்காளி. பிள்ளைகள் பறிக்கிறார்கள், அம்மாக்கள் அடிக்கிறார்கள். பஞ்சாயத்துத் தலைவர் உத்திராபதி எழுந்து, "நல்ல மண்ணுன்னு சொல்றீங்க மேடம். ஒண்ணு தின்னு காட்டுங்களேன்" என்றார். கழுவித் தின்றேன். புளிப்பாக, நன்றாகவே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆடு வளர்க்கும் செம்பாயி அக்கா மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "அப்ப என் ஆட்டை அங்க ஓட்டலாமா தங்கச்சி?"

"மரக்கன்னைக் கடிக்காமப் பாத்துக்குங்க. தாராளமா ஓட்டுங்கக்கா" என்றேன்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சபாபதி வாய்விட்டுச் சிரித்தார். அவரும் இதே திட்டத்தில்தான் டிப்பர் லாரி ஓட்டுகிறார். வண்டி ஒப்பந்தக்காரர் மாசிலாமணியுடையது.

மார்ச் 8

ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு லோடு. இட்லிக்கு அரைத்தேன், மிளகாய் காயவைத்தேன், கேஸ் சிலிண்டர் வந்தது.

அவர் வந்ததும் குளித்தார். பிறகு சட்டையையும் கைலியையும் பின்பக்கம் எடுத்துப்போய்த் தானே துவைத்தார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காத மனிதர். நல்ல மாற்றம்தான்.

மார்ச் 13

மேட்டின் தெற்கிலும் கிழக்கிலும் கசடு போட்டு முடிந்தது. புங்கன், வாகை, வேம்பு எல்லாம் இடுப்பளவு நிற்கின்றன. போன வருஷம் இந்த வெள்ளைக் காட்டைப் பார்த்து நான் அழுதது நினைவிருக்கிறது. இப்போது காலையில் போனால் தவிட்டுக்குருவி கத்துகிறது.

இனி வடக்குச் சரிவு. அங்கே லோடு கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். நாளை பார்க்கப் போகிறேன் என்றேன். அவர் சோற்றில் கை வைத்தபடி, "அங்க போகாத கலா. பாம்பு கிடக்கு" என்றார்.

"எல்லா இடத்துலயும்தான் பாம்பு கிடக்கு."

"சொன்னாக் கேளு" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. களைப்பாக இருக்கும்.

மார்ச் 17

தடி எடுத்துக்கொண்டு வடக்குச் சரிவுக்குப் போனேன். பாம்பு எதுவும் இல்லை. தக்காளியும் இல்லை.

போட்டிருக்கும் கசடு வேறு நிறம். எங்கள் கசடு காய்ந்தால் காப்பித்தூள் மாதிரி உதிரும். இது நீலம் பாய்ந்த சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக. வாடையும் வேறு. அழுகிய தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை, தொண்டையைப் பிடித்தது. சோதனைக்காக முன்பே நட்டு வைத்திருந்த நாலைந்து புங்கன் கன்றுகளில் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. வெயில் அதிகம்.

ஒரு தயிர் டப்பாவில் கொஞ்சம் எடுத்து வந்தேன். பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

மார்ச் 18

டப்பாவை அனுப்பவில்லை. கூரியர் கடை பூட்டியிருந்தது.

மார்ச் 21

அவர் கையில் புண். விரல் இடுக்குகளில் வட்ட வட்டமாக, ஊசியால் குடைந்த மாதிரி. தேங்காய் எண்ணெய் போட்டேன். டீசல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பதினைந்து வருஷமாக லாரி ஓட்டுகிறவருக்கு இப்போது டீசல் ஒத்துக்கொள்ளவில்லை.

இருக்கலாம். உடம்பு மாறுவது உண்டு.

பக்கத்து வீட்டுக் குழந்தை வழக்கம்போல அவரிடம் தாவ வந்தது. "மாமா மேல அழுக்குடா" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

மார்ச் 27

ஊர்க் கிணறு வற்றிவிட்டது. ஆழ்குழாயில் காற்றுதான் வருகிறது. சுரங்கக் குழியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீரை மோட்டார் வைத்து ஊருக்கு இறைக்கப் போகிறார்கள். மே ஒன்றாம் தேதி கிராம சபை. அன்றைக்கே தண்ணீர் திறப்பு. "நீங்க நாலு வார்த்தை பேசணும் மேடம். நீங்க சொன்னாத்தான் எங்க ஆளுங்க நம்புவாங்க" என்றார் உத்திராபதி.

மேட்டின் மேல் நின்றால் குழித் தண்ணீர் பச்சைக் கண்ணாடித் துண்டு மாதிரி தெரியும். மூன்று பக்கம் வெட்டுப் பாறை. நாலாவது பக்கம் வடக்குச் சரிவு. அது இறங்கி முடிவது தண்ணீரில்தான்.

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 4

மாசிலாமணி மேட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

"தனியாவா வேலை பாக்கறீங்க மேடம்?"

"ரெண்டு பேர் வருவாங்க. இன்னைக்கு வரலை."

"அதான் பாத்தேன்" என்றார். நாலு பக்கமும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். "கத்துனாக்கூட ஊருக்குக் கேக்காது. ஜாக்கிரதையா இருங்க. பாம்பு பூச்சி இருக்கும்."

பாம்பு என்று இவருக்கு யார் சொன்னது?

ஏப்ரல் 12

மழை. கோடை மழை இப்படிக் கொட்டிப் பார்த்ததில்லை. ஊரே தெருவில் நின்று நனைந்தது. பாத்திரம் பண்டமெல்லாம் வெளியே வைத்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் வெளியே போகவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

மேட்டில் விழும் ஒவ்வொரு துளியும் எங்கே ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 14

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி அடுப்பில் இருக்கும்போதே செம்பாயி அக்காவின் மகன் கதிரேசன் வந்து கூப்பிட்டான். வடக்குச் சரிவின் அடியில், மழைநீர் தேங்கிய பள்ளத்தைச் சுற்றி ஆடுகள் கிடந்தன. சில செத்திருந்தன. சில காலை உதைத்துக்கொண்டிருந்தன. வாயில் நுரை. அக்கா ஒரு கிடாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயைத் தன் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

என்னைப் பார்த்ததும் திட்டவில்லை. "நீ சொன்னதாலதான் தங்கச்சி ஓட்டிக்கிட்டு வந்தேன்" என்றார்.

பள்ளத்துத் தண்ணீரில் எண்ணெய் மாதிரி ஒரு படலம் மினுங்கியது.

ஏப்ரல் 16

கால்நடை மருத்துவர் வந்தார். மழைக்கு முளைத்த விஷச் செடி எதையாவது தின்றிருக்கலாம் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கலாம்" என்றேன்.



ஏப்ரல் 20

விடிந்ததும் மேட்டுக்குப் போனேன். வடக்குச் சரிவில் ஒரு டிப்பர் தொட்டியைத் தூக்கிக் கொட்டிக்கொண்டிருந்தது. நீலச் சாம்பல் கட்டிகள் சரிந்து உருண்டன. தூரத்தில் நின்றதால் வண்டி எண் தெரியவில்லை. ஓட்டுகிறவர் முகமும் தெரியவில்லை. மூக்கைத் துண்டால் கட்டியிருந்தார்.

தார்ப்பாயில் சிவப்புத் துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. போன மாதம் என் பழைய பாவாடையைக் கிழித்து அவருடைய தார்ப்பாய்க்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன். ஆனால் எத்தனையோ வண்டிகளில் ஒட்டு இருக்கும். சிவப்புத் துணியும் எல்லா வீட்டிலும் இருக்கும்.

சாயங்காலம் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.

ஏப்ரல் 24

பெஞ்சமின் சாருக்குப் போன் செய்தேன். வடக்குச் சரிவில் போட்ட கசடு நம்முடையது மாதிரி இல்லை, மழைத் தண்ணீர் குழிக்குள் இறங்கியிருக்கிறது என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"நேர்ல பார்த்தேன் சார்."

"யார் வண்டி?"

"தெரியல சார்."

"தெரியாததைப் பேசி இப்ப குழப்பாதீங்கம்மா. கிராம சபை முடியட்டும். அப்புறம் ஆற அமரப் பாத்துக்கலாம்."

போனை வைத்ததும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 28

மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார். புண்ணுக்கு மருந்து போட உட்கார்ந்தேன். கையைப் பிடித்ததும் அவர் உடம்பே குலுங்கியது. அழுகிறார் என்று புரிய நேரமாயிற்று. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"உனக்குத் தெரியும்தானே?" என்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"கலா."

தலையைக் குனிந்துகொண்டேன். அவரே சொன்னார். முதல் லோடு எடுக்கும்போது தெரியாதாம். ஏதோ பெரிய சுத்திகரிப்பு நிலையம் என்று நினைத்தாராம். தொட்டியில் ஒட்டியதைக் கையால் வழித்துத் தள்ளினார், கை வெந்துபோயிற்று. அப்புறம்தான் அங்கிருந்த ஆட்கள் சொல்லியிருக்கிறார்கள், இது தோல் ஆலைக் கழிவு என்று. மாசிலாமணியிடம் போய், இனி எடுக்க மாட்டேன் என்றிருக்கிறார்.

"அதுக்கு அவன் சிரிச்சான். உன் சம்சாரம் மேட்டுல தனியாத்தானே வேலை பாக்குது, உனக்கு வேண்டாம்னா வேற டிரைவரைப் போட்டுக்கறேன், ஆனா அவனுங்க எல்லாம் உன்னை மாதிரி நல்லவனுங்க இல்லப்பான்னு சொன்னான்."

பாம்பு யார் என்று அப்போதுதான் புரிந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ சும்மா இருக்க மாட்ட. போய்ச் சண்டை போடுவ. உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தேன்."

நான் சும்மாதான் இருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. சொல்லவில்லை. ஆட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது. எந்நேரமும் லோடிலேயே இருந்ததால், குழித் தண்ணீர் ஊருக்குப் போகப் போவது மட்டும் தெரியவில்லை; நானும் சொல்லியிருக்கவில்லை. கேட்டதும் முகத்தில் ரத்தமே இல்லை.

"நாளைக்குச் சாவியைக் கொடுத்துட்டு வந்துடறேன். ரெண்டு பேருமாப் போய்த் தலைவர்கிட்ட சொல்லிடுவோம்" என்றார்.

ஏப்ரல் 29

காலையில் சாவி கொடுக்கப் போனவர் இன்னும் வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

ஏப்ரல் 30

காவல் நிலையத்துக்குப் போன் செய்தேன். "லாரி டிரைவர்தானம்மா, லோடுக்குப் போயிருப்பாரு. நாளைக்கும் வரலைன்னா வந்து எழுதிக் கொடுங்க" என்றார்கள். உத்திராபதியைத் தேடிப் போனேன். மோட்டார் பொருத்த ஆள் கூட்டிவர வெளியூர் போயிருந்தார்.

திரும்பி வந்து அடுப்படியில் நின்றிருந்தபோது, "தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே மாசிலாமணி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு சொம்பு தண்ணி குடும்மா. வெயில் கொளுத்துது."

கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "இது எங்க தண்ணி?"

"கேன் தண்ணி."

"நல்லது. நீங்க எப்பவும் அதையே குடிங்க" என்று சொல்லிவிட்டு அண்ணாந்து குடித்தார்.

"அவரு எங்க?" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"சபாபதியா? திடீர்னு ஒரு வெளியூர் லோடு. போன்ல சார்ஜ் இருக்காது." வாயைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு நீ பேசறியாமே. நல்லாப் பேசு. ஜனங்க உன்னை நம்புது. கூட்டம் நல்லபடியா முடிஞ்சா சாயங்காலம் உன் புருஷன் வீட்டுல இருப்பான். நான் கேரண்டி."

எழுந்து போகும்போது வாசலில் நின்று, "கதவைத் தாழ் போட்டுக்கம்மா. காலம் கெட்டுக் கிடக்கு" என்றார்.

தாழ் போட்டேன். எடுத்துப் பார்த்து மறுபடி போட்டேன்.

மே 1, காலை

தலை வாரி, புடவை கட்டிவிட்டேன். குடிக்கலாம் என்று சொன்னால் அவர் வந்துவிடுவார். அதற்குப் பிறகு ஏதாவது காரணம் சொல்லி மோட்டாரை நிறுத்திவிடலாம். ஒரு நாள், இரண்டு நாள் குடித்தால் என்ன ஆகிவிடும்.

பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

மே 2

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

கோயில் முன் பந்தல் போட்டிருந்தார்கள். புதுக் குழாய்க்குக் கீழே காலிக் குடங்கள் வரிசையாக நின்றன. பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி கடைசி வரிசையில், கால் மேல் கால் போட்டு. செம்பாயி அக்கா ஓரமாக நின்றிருந்தார்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். திட்டத்தைப் பற்றி ஏதோ சொன்னேன். மரங்களைப் பற்றிச் சொன்னேன். குழித் தண்ணீர் பல வருஷமாகத் தேங்கி நிற்பது என்றேன். வாய் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போயிற்று. உத்திராபதிக்குப் பொறுமை போய்விட்டது.

"சுத்தி வளைக்காதீங்க மேடம். ஜனங்க வெயில்ல உக்காந்திருக்காங்க. குடிக்கலாமா, கூடாதா?"

முன் வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையின் பால் புட்டியைக் கழுவ வைத்திருந்த சொட்டுத் தண்ணீரைச் சிந்தாமல் மூடினாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூடாது" என்றேன்.

கூட்டம் புரியாமல் விழித்தது. அடுத்த நொடி எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். யாரோ ஒருவன், "அன்னைக்குத் தக்காளி மட்டும் இனிச்சுதா?" என்றான்.

"அது நகரத்துக் கசடு. அதுல தப்பு இல்லை. வடக்குச் சரிவுல கொட்டினது தோல் ஆலைக் கழிவு. மழையில குழிக்குள்ள இறங்கிருச்சு. அக்காவோட ஆடு செத்தது செடியால இல்லை."

"யாரு கொட்டினது?"

மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என் வீட்டுக்காரர் ஓட்டிக்கிட்டு வந்து கொட்டினாரு. மாசிலாமணி வண்டி. அவரு சொல்லித்தான். எனக்கு ஒரு மாசத்துக்கு மேலாவே தெரியும்."

வாயால் சொன்ன பிறகுதான் அது எத்தனை நாளாக எனக்குத் தெரியும் என்பது எனக்கே தெரிந்தது.

ஒரு குடம் பறந்து வந்து என் காலடியில் நசுங்கியது. மாசிலாமணி எழுந்து, "புருஷன் ஓடிப்போயிட்டான். பாவம், புத்தி கலங்கிப் பேசுது" என்று சிரித்தபடி தன் காரைப் பார்த்து நடந்தார்.

"ஓடிப்போகலை" என்று கத்தினேன். "இவருதான் பிடிச்சு வெச்சிருக்காரு. நான் குடிக்கலாம்னு சொன்னாத்தான் அனுப்புவேன்னு நேத்து வீட்டுக்கு வந்து சொன்னாரு."

சத்தம் அடங்கியது. செம்பாயி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்ப ஏன் சொன்ன?" என்று கேட்டார்.

நான் காலிக் குடங்களைப் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு ஆண்கள் பக்கம் திரும்பினார். "இவ புருஷன் நமக்கு உசுரோட வேணும்டா. எங்கெங்க கொட்டினான்னு அவன்தானே காட்டணும்? அந்தக் காரை மறிங்க."

மறித்தார்கள். உத்திராபதி போலீசுக்குப் போன் செய்தார். தலைவர் பேசியதால் இந்தத் தடவை உடனே வந்தார்கள். அதற்குள் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஒரு லோடு ஆட்டோவில் கதிரேசனும் அக்காவும் இன்னும் சிலரும், நடுவில் நான். யாரும் என்னோடு பேசவில்லை. நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் மாசிலாமணியின் லாரி ஷெட்டுக்குத்தான் போனோம். வேறு எங்கே தேடுவது என்றும் தெரியாது. போகிற வழியெல்லாம் அங்கே என்ன பார்க்கப் போகிறேனோ என்று எண்ணிக்கொண்டே போனேன்.

ஷெட்டில் ஒரு ஆள் இல்லை. டிப்பர்கள் மட்டும் நின்றன. பின்னால் டயர் போட்டு வைக்கும் அறை. கதிரேசன் பூட்டை உடைக்கக் கடப்பாரையோடு ஓடினான். பூட்டு இல்லை. தாழ்கூட இல்லை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளியதும் திறந்தது.

அவர் பழைய டயர்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு வீங்கிக் கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வெளிச்சம் பட்டதும் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

"கதவு தொறந்துதானே கிடந்துச்சு?" என்றான் கதிரேசன், நம்ப முடியாமல்.

"நான் வெளிய கால் வெச்சா வீட்டுல இவ இருக்க மாட்டான்னு சொன்னான்" என்றார் அவர். "அடிச்சுப் போட்டுட்டு, சொல்லிட்டுப் போயிட்டான். அப்புறம் யாரும் வரவே இல்லை."

மூன்று நாளும் காவலுக்கு ஆள் இல்லை. எனக்கும் அவருக்கும் நடுவில் எங்கேயும் ஒரு பூட்டு இருந்திருக்கவில்லை.

அவரைத் தூக்கி நிறுத்தினேன். நடக்க முடிந்தது.

மே 6

அதிகாரிகள் வந்து மண்ணும் தண்ணீரும் எடுத்துப் போனார்கள். என் தயிர் டப்பாவையும் கொடுத்தேன்.

"இது எப்ப எடுத்தது?"

"மார்ச்ல."

அந்த அதிகாரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வழக்கில் முதல் எதிரி மாசிலாமணி. இரண்டாவது எதிரி என் வீட்டுக்காரர். அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வீட்டுச் சொந்தக்காரம்மா காலி பண்ணச் சொன்னார். உத்திராபதி போய்ப் பேசி, தோண்டி எடுக்கும் வேலை முடியும்வரை இருக்கட்டும் என்று சொன்னாராம். எங்கள் மேல் இருக்கும் அக்கறையால் இல்லை.

மே 19

குழியைச் சுற்றிக் கம்பி வேலி போட்டாயிற்று. அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது என்று முடிவு வந்துவிட்டது. ஊருக்கு லாரியில் தண்ணீர் வருகிறது. பெண்கள் குடத்தோடு முண்டியடிக்கிறார்கள். நான் போய் வரிசையில் நின்றால் முன்னால் இருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

வடக்குச் சரிவில் பொக்லைன் வைத்துத் தோண்டுகிறார்கள். அவர் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு இடம் காட்டுகிறார். ஒரு நாளும் தவறவில்லை. செம்பாயி அக்கா குடை பிடித்துக்கொண்டு மேலே நின்று பார்க்கிறார். இன்று தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அக்கா பக்கத்தில் போனேன்.

"மன்னிப்பு கேக்க வந்தியா?"

தலையாட்டினேன்.

"ஆட்டுக்கு அது கேக்காது" என்றார். "போய் வேலையைப் பாரு."

மே 30

மாசிலாமணி ஜாமீனில் வந்துவிட்டார். போன் அடிக்கிறது, எடுத்தால் யாரும் பேசுவதில்லை, மூச்சு மட்டும் கேட்கிறது. வாசலில் ஒரு பைக் வந்து நின்றுவிட்டுப் போகிறது. ஓட்டுகிறவனுக்குத் தடித்த மீசை. ஒரு முறை என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான்.

இப்போது எதையும் அவரிடம் மறைப்பதில்லை. பைக் வந்தது என்கிறேன். போன் வந்தது என்கிறார். சொல்லிக்கொள்வதால் பயம் குறையவில்லை. ஆனால் அவர் ராத்திரியில் தூங்குகிறார்.

ஜூன் 11

இன்று கோர்ட்டில் முதல் நாள். நானும் சாட்சி, செம்பாயி அக்காவும் சாட்சி. நீதிபதி முன்னால் கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொல்லப் போவதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்னால் ஜெயிலுக்குப் போக நேரலாம் என்று வக்கீல் எச்சரித்தார். "தெரியும் சார்" என்றார்.

காலை பஸ்ஸில் ஏறினோம். எனக்குப் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவர் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா முன்னால், டிரைவருக்குப் பின் சீட்டில், மடியில் துணிப்பையோடு. எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கைகாட்டி நிறுத்தத்தில் அந்த மீசைக்காரன் ஏறினான். பின்னால் ஆண்கள் பக்கம் நிற்க இடம் இருந்தும், என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்னக்கா, கோர்ட்டுக்கா?" என்றான் மெதுவாக. என் பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது. அதன் மேல் கையை வைத்தான்.

அவர் பின்னாலிருந்து ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் அக்கா எழுந்துவிட்டார். ஓடுகிற பஸ்ஸில் சீட்டு சீட்டாகப் பிடித்து வந்து, அவன் கை இருந்த இடத்தில் துணிப்பையைத் தொப்பென்று வைத்தார். அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"தள்ளி உக்காரு" என்றார் என்னிடம்.

தள்ளி உட்கார்ந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, இறங்கும்வரை நேராக ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.